மாஸ்டர் கொடுத்த குரல்

கதையில் வரும் சத்திரக்காரனுக்கு ஒரு கட்டைக்குரல் கொடுக்கத்தான் ஜெயபிரகாஷ் வாயைத் திறந்தான். வந்ததோ அவன் வீட்டில் சமையல் செய்யும் கண்ணாயியின் குரல்.

“வாங்க சாமி, உள்ள வாங்க. வெளிய நொம்பக் குளுருதுங்களா?”

இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் விசிலடித்த மாதிரி இழுக்கும் அவளுடைய மூச்சுகூட அப்படியே வந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அவன் பக்கம் திரும்பினார்கள். பகடையை உருட்டக் கை ஓங்கியிருந்த கவியா, அதை உள்ளங்கைக்குள்ளேயே மூடிக்கொண்டாள்.

“ஜேபி, வேண்டாமே,” என்றாள் மேனகா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல். “ஒரு வாரமா அந்தம்மாவைக் காணோம்னு சனம் அலையுது. இப்பப் போய் அவங்களை மாதிரியே பேசறீங்களே.”

“சாரி. பழக்கத்துல வந்துருச்சு.”

பழக்கத்தில் வரவில்லை. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். தொண்டையை இறுக்கி, நாடியைக் கீழே இழுத்து, கரகரவென்று ஆரம்பிக்கத்தான் பார்த்தான். நாக்கு அவன் பேச்சைக் கேட்கவில்லை. காது மடல் இரண்டும் சுட்டன.

மஞ்சக்குட்டையிலிருந்து மேலே ஏறும் ஜீப் தடத்தின் கடைசியில், காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் பழைய எஸ்டேட் வீடு அது. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் சேலத்துப் புழுக்கத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மலையேறி வந்தவன், இதை வாடகைக்குப் பிடித்தான். சனிக்கிழமை மத்தியானமானால் மூன்று பேர் ஆட வந்துவிடுவார்கள்: டவுனில் பேக்கரி வைத்திருக்கும் சூசைமாணிக்கம், டீச்சர் மேனகா, அவள் தங்கை கவியா. ஆட்டம் என்றால் சீட்டாட்டமல்ல, வாயால் ஆடுகிற ஆட்டம். ஆளுக்கொரு வீரன் வேஷம். வாளெடுத்தவர், மந்திரம் போடுகிறவர், திருடி. “இப்ப என்ன பண்றீங்க?” என்று ஜெயபிரகாஷ் கேட்பான். அவர்கள் சொல்வார்கள். பகடையை உருட்டினால் நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். கதையை நடத்துகிறவன் என்பதால் அவனுக்கு மாஸ்டர் என்று பெயர்.

பலம் சேராத, ஆட்டத்துக்குப் புதிதான முதல் படி வீரர்களை வைத்துக் கதை நடத்துவதில்தான் அவனுக்கு ருசி. உலகத்தைக் காப்பாற்றுகிற மாவீரர்கள் எல்லாம் அவனுக்குச் சப்பென்று இருக்கும். முதல் படிக்காரனுக்கு எலி கடித்தாலே உயிர் ஊசலாடும். அவனுக்கு ஏற்ற மாதிரி நோஞ்சான் பூதம், நொண்டித் திருடன், குகைக்குள் தனியாகக் கிடக்கும் சூனியக்காரி என்று எளிய எதிரிகளாகப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். வருகிற அத்தனை பேருக்கும் மாஸ்டர்தான் குரல் கொடுக்க வேண்டும். ஜெயபிரகாஷின் குரல்களுக்காகவே இவர்கள் பனியில் வண்டி ஓட்டி வந்தார்கள். அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பெருமைதான் போன சனிக்கிழமை அவனைக் கவிழ்த்தது.

குகைக்குள் போயிருந்தார்கள். உள்ளே ஒரு சூனியக்காரி, முதல் படிக்காரர்கள் அடித்தாலே விழக்கூடியவள். “ஏய், யாரு நீ? பேசு!” என்று சூசைமாணிக்கம் பிஸ்கட்டை வாள் மாதிரி நீட்டினார். அவளுக்கென்று ஜெயபிரகாஷ் குரல் எதுவும் யோசித்து வைக்கவில்லை. மூவரும் ஆவலாக அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து, எண்ணெய் பொரிகிற சத்தத்துக்கு மேலாக, கண்ணாயி கேட்டாள்: “ஏனுங்க சாமி, பஜ்ஜிக்கு உப்புப் போதுங்களா, ஒண்ணத் தின்னு பாக்கறீங்களா?”

கைக்கெட்டியதை எடுத்துவிட்டான் பாவி. “ஏனுங்க சாமி,” என்றான், அதே இழுப்போடு, அதே மூச்சோடு. “உங்களத் தாளிச்சா உப்புப் போதுங்களா?”

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. சூசைமாணிக்கத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க இவனுக்கு ஏறிக்கொண்டே போனது. இல்லாத முந்தானையில் மூக்கைத் துடைத்துக் காட்டினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டினான். கவியா பகடையை உருட்டி, சூனியக்காரியைக் குகைக்குள் இருந்த பள்ளத்தில் தள்ளிவிட்டாள். தள்ளிய பிறகாவது விட்டானா? பள்ளத்துக்குள்ளிருந்து அவள் கெஞ்சுகிற மாதிரியும் பேசிக் காட்டினான். “தூக்கி உடுங்க சாமி, இருட்டா இருக்குதுங்க, தூக்கி உடுங்க!” அப்போதுதான் அடுப்படி வாசலில் கண்ணாயி நிற்பதைப் பார்த்தான்.

மற்ற மூவருக்கும் அந்த வாசல் முதுகுப்பக்கம். அவர்கள் பார்க்கவில்லை. பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. தன்னைப் பற்றித்தானா என்று இன்னொருதரம் காதுகொடுத்துக் கேட்கிற முகம். பிறகு தட்டைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். முன்வாசல் வழியாகப் போக வேண்டுமென்றால் இவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் பின்கதவைத் திறந்துகொண்டு, காப்பிச் செடிகளுக்குள், பனிக்குள் இறங்கிப் போனாள்.

எழுந்து ஓடியிருக்கலாம். “ஏனுங்க, மன்னிச்சுக்குங்க” என்று ஒரு வார்த்தை. மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. ஆட்டத்தைத் தொடர்ந்தான்.

அன்று பொழுது சாய்ந்ததும் கண்ணாயியின் மகள் புவனா போன் செய்தாள். “சாருங்க, அம்மா இன்னும் ஊடு வந்து சேரலீங்க. அங்க இருந்து எந்தப் பக்கம் போனாங்க?” என்று கேட்டாள். பின்பக்கம் என்று சொன்னால், ஏன் பின்பக்கம் என்று கேட்பாளே. அதைச் சொல்ல வாய் கூசியது. “எப்பவும் போல ரோட்டுப் பக்கமாத்தாம்மா போனாங்க,” என்று சொல்லிவிட்டான். சனங்களும் அதை நம்பி ரோட்டிலேயே தேடினார்கள். செம்மநத்தத்துச் சொந்தக்காரர்கள் வீடு, ஆஸ்பத்திரி, அடிவாரத்து பஸ் ஸ்டாப் என்று ஓடினார்கள். பின்பக்கம், செடிகளுக்கு அப்பால், காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பழைய பல்ப்பர் கொட்டகை ஒன்று இடிந்து கிடந்தது. அதை ஒட்டிக் காப்பித்தோல் கொட்டுகிற ஆழக் குழி. மேலே பலகை போட்டு மூடியிருக்கிறது, பலகை மக்கிவிட்டது, அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்று வீட்டைக் கைமாற்றும்போதே எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சொல்லியிருந்தார். அது கண்ணாயிக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குப் பனி. கண் நிறையத் தண்ணீர் வேறு.

மறுநாள் அந்தத் திசையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து, நடுவில் விசில் போல. குருவி என்று சொல்லிக்கொண்டான். சன்னலைச் சாத்தினான். அதற்கும் மறுநாள் கம்பெனி மீட்டிங் என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்ல வேண்டும். சொன்னால் ஊரே காறித் துப்பும். வாரத்தின் நடுவில் அந்தச் சத்தம் நின்றது. அப்போது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன் உடம்பே அருவருத்தது.

இந்த வாரம் ஆட்டம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால்தான் வரச் சொன்னான். அதனால்தான் இப்போது, சன்னல் கண்ணாடியில் பனி வந்து அப்பிக்கொண்டு மத்தியானத்தையே மங்கலாக்கிவிட்ட அந்த ஹாலில், பகடையைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

“சரி விடுங்க, ஆடலாம்,” என்றார் சூசைமாணிக்கம். “சத்திரத்துல வேண்டாம், நேரா பாலத்துக்குப் போறோம். பாலத்துல காவக்காரன் இருப்பானில்லைங்க மாஸ்டர்? அவன்கிட்ட வழி கேக்கறோம்.”

காவல்காரன். இளவட்டம். கீச்சுக் குரல். ஜெயபிரகாஷ் மனசுக்குள் இரண்டுதரம் பேசிப் பார்த்துக்கொண்டான். அடுப்படியில் யாருமில்லை. ஆனாலும் ஆறிப்போன எண்ணெயும் ஈரச் சேலையும் கலந்த ஒரு வாசம் அங்கிருந்து வந்தது. அதற்கு அடியில், பின்கதவு இடுக்கு வழியாக, புளித்துப் போன காப்பித்தோல் நாற்றம். அதற்கும் அடியில் வேறு ஒன்று. எல்லாம் காப்பித்தோல்தான் என்று ஒரு வாரமாகச் சொல்லி வந்ததையே மறுபடியும் சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தான்.

“தண்ணி இருக்குங்களா சாமி?”

கவியா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

“ஒரு வாய் ஊத்துங்க சாமி. நாக்கு ஒட்டிக்கிச்சுங்க.” உதட்டைக் கடித்து நிறுத்தப் பார்த்தான். கடித்த உதட்டை மீறிக்கொண்டு வந்தது. “ரோட்டுல எதுக்குங்க தேடறாங்க? நான் ரோட்டுல போவலீங்களே. நாலு நாளாக் கூப்புட்டனே, கேக்கலீங்களா?”

கூரைத் தகரத்தில் சில்வர் ஓக் மரத்திலிருந்து பனித்தண்ணீர் சொட்டியது. மேனகா அவனையே கண்கொட்டாமல் பார்த்தாள்.

“ஜேபி. இது கதைதானே?”

“கதைதான்.” இது அவன் குரல். சொந்தக் குரல். அது வந்ததே பெரிய காரியம் என்றிருந்தது.

“அன்னிக்கு அந்தம்மா எப்பக் கெளம்புனாங்க? நாம சிரிச்சிட்டிருந்தப்பவா?”

வெட்டவெளிச்சமாக, நேருக்கு நேராக வந்த கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்கு பேரும் டார்ச்சோடு பின்பக்கம் போகலாம். அவன் தலை குனிந்துகொண்டது. மேசைமேல் சிதறிக் கிடந்த பகடைகளைப் பொறுக்கினான்.

“அதுக்கு முந்தியே போயிட்டாங்க. ரோட்டுப் பக்கமா.”

சூசைமாணிக்கம் எழுந்தார். “பனி இறங்குது, இன்னும் நேரமாச்சுன்னா வளைவுல ஒண்ணும் தெரியாதுங்க. கெளம்பலாம்மா.” எப்போதும் தோளில் தட்டிவிட்டுப் போகிற மனுஷன், அன்றைக்குக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே போனார். கார் சத்தம் வளைவு வளைவாக இறங்கி, தேய்ந்து, இல்லாமல் போனது.

தனியானதும் ஜெயபிரகாஷ் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். “என் பேரு ஜெயபிரகாஷ்,” என்று சொல்லிப் பார்த்தான். சரியாகத்தான் வந்தது. இன்னொருதரம் சொன்னான். மூன்றாவதுதரம் பெயருக்கு நடுவில் மூச்சு இழுத்தது. விசில் போல. வாயை மூடிக்கொண்டான். மூடிய வாய்க்குள் நாக்கு மட்டும் மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தது. வார்த்தை தேடுகிற மாதிரி.

கதவு தட்டும் சத்தம்.

புவனா நின்றிருந்தாள். தலையில் போட்டிருந்த துண்டு பனியில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கையில் டார்ச். தூக்கமே இல்லாத கண். பின்னால் யாரும் வரவில்லை.

“கோவிச்சுக்காதீங்க சாருங்க. மறுக்கா மறுக்கா வந்து தொந்தரவு பண்றனேன்னு நெனைக்காதீங்க. எல்லாப் பக்கமும் தேடிப்போட்டோம். அம்மா போறப்ப எதாச்சும் சொன்னாங்களா? மனசு கினசு நொந்து போனாங்களா? அவிங்க சாமானியத்துல நோவ மாட்டாங்க. உங்களப் பத்தி நொம்பப் பெருமையாச் சொல்லுவாங்க. சாமி மாதிரிப் புள்ளைன்னு.”

அவனுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. தலையை மட்டும் ஆட்டினான், இல்லையென்று. பேசப் பயம். பேசினால் எது வருமோ என்ற பயம்.

“ரோட்டுப் பக்கம்தானுங்களே போனாங்க?”

அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. தலையாட்டினான், ஆமாமென்று. மூன்றாவதுதரமும் அதே பொய். நல்ல மனுஷன்!

“சரிங்க சாருங்க,” என்று கும்பிட்டாள். பொய் சொன்னவனைக் கும்பிட்டாள். திரும்பிப் படியில் இறங்கினாள். ஒரு படி. இரண்டு. அந்த வளைந்த முதுகைப் பார்த்ததும் அவனுக்குள் என்னவோ முறிந்தது.

“இரும்மா.” சொந்தக் குரல்தான், கிசுகிசுப்பாக. “பின்பக்கம். பின்பக்கமாத்தான் போனாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவனைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து, ஹாலைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அவனும் பின்னால் ஓடினான். காப்பிச் செடிகள் இரண்டு பக்கமும் ஈரக் கையால் அறைந்தன. டார்ச் வெளிச்சம் பனியில் பட்டு வெள்ளைச் சுவராகத் திரும்பி வந்தது. சரிவு. வழுக்கும் சருகு. மிளகுக்கொடி சுற்றிய மரம். இடிந்த கொட்டகை.

நாற்றம்.

காப்பித்தோல் இல்லை. இனிமேல் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

குழியின் மேல் பலகை நடுவில் உடைந்திருந்தது. விளிம்பு மண்ணில் விரல் விரலாகக் கீறல். உள்பக்கத்திலிருந்து. மேலே வரைக்கும் வந்து, வழுக்கி, மறுபடி வந்து, வழுக்கி. புவனா மண்டியிட்டு டார்ச்சை உள்ளே நீட்டினாள். கறுத்த தோல்குவியலுக்கு நடுவே ஒரு சேலை. முகம் மேலே பார்த்தபடி. வாய் திறந்தபடி.

“அம்மா!”

“கண்ணு.”

பதில் உடனே வந்தது. பக்கத்திலிருந்து வந்தது. குழியிலிருந்து இல்லை.

புவனா மெதுவாகத் திரும்பினாள். டார்ச்சை அவன் முகத்துக்குத் தூக்கினாள்.

“வந்துட்டியா கண்ணு. கூப்புட்டேன். நொம்பக் கூப்புட்டேன். நீங்க ரோட்டுல என்ற பேரச் சொல்லித் தேடறதெல்லாம் கேட்டுச்சு. இந்தப் பக்கம் ஒருத்தரும் வல்ல.”

ஜெயபிரகாஷ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கு வழியாக வந்தது. இன்னும் அழுத்தினான். பல் உதட்டில் இறங்கி ரத்தம் கசிந்தது. ரத்தத்தோடும் வந்தது.

அடிப்பாள் என்று நினைத்தான். அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். கல்லை எடுத்து மண்டையில் போட்டால்கூடச் சரிதான். புவனா அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். டார்ச்சைச் சருகில் வைத்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக, குழந்தை கையிலிருந்து மண்ணைப் பிடுங்குகிற பொறுமையோடு, வாயிலிருந்து விலக்கினாள்.

“பேசும்மா. நான் இங்கதான் இருக்கறேன்.”

“சாப்புட்டியா கண்ணு?”

“இல்லம்மா.”

“சாப்புடாம இருக்காத சாமி. மேலுக்கு ஆவாது.”

அவள் அவன் பிடரியில் ஒரு கையைக் கொடுத்து இழுத்து, காதை அவன் உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு நிம்மதி. அவன் எழப் பார்த்தான். முடியவில்லை. மெலிந்த கைதான், ஆனால் இரும்பு மாதிரி. சுற்றிலும் பனி இறங்கி வீடு மறைந்தது, கொட்டகை மறைந்தது, அவனுக்குத் தன் காலே தெரியவில்லை. விட்டுவிடு, என்னை விட்டுவிடு என்று இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினான்.

“உட்றாத கண்ணு,” என்றது வாய். “என்னய உட்றாத.”

“மாட்டம்மா,” என்று புவனா பிடியை இறுக்கினாள்.